பட்டம் தவறிய மழை: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: அப்பா நாகை மாவட்டம் தலைஞாயிறு பக்கம் நான்கு ஏக்கரில் சம்பா போடுகிறார். நான் இங்கே ஒயிட்ஃபீல்டில் ஐ.டி. வேலை. போனில் 'காலநிலை மாற்றம்ப்பா' என்றால் சிரிக்கிறார், ஆனால் 'மழை பட்டம் தவறிப்போச்சு' என்று தினமும் புலம்புகிறார். ஆண்டு மழையளவைத் தேடிப் பார்த்தால் அப்படியொன்றும் குறைந்த மாதிரி இல்லை. அந்தக் காலம் எல்லாமே நன்றாக இருந்தது என்று வயதானவர்களுக்குத் தோன்றுமே, அதுதானா இது?
- வாசகர், பெங்களூரு

பதில்: ஆண்டு மழையளவை வைத்து விவசாயியிடம் வாதாடாதீர்கள், நான் வாதாடித் தோற்றவன். 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோட்டு வெள்ளத்தில் டிராக்டர் பிடித்து ஆபீஸ் போனார்களே, அவர்களிடம் போய் வருஷ சராசரியைச் சொல்லிப் பாருங்கள்.

'கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை' என்பார்கள். சம்பா சாகுபடியே அந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது: ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிர் தேறும், மார்கழியில் கதிர் முற்றும், தையில் அறுப்பு. 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டிக் கொட்டிய மழையில் டெல்டா முழுக்க அறுப்புக்கு நின்ற கதிர் சாய்ந்து, தண்ணீரில் கிடந்தபடியே முளைவிட்டது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் மறுபடியும் அறுப்பு நேரத்து மழை. கணக்கில் இதெல்லாம் 'நல்ல மழை' என்றுதானே ஏறும்?

எங்கள் மாமா ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடிப்பார், 'டிக்' என்று உடைந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியொரு தை மாதத்தில் மூன்று நாள் தார்ரோட்டில் நெல்லைப் பரப்பி, தூறும்போதெல்லாம் ஓடிப்போய் தார்ப்பாய் இழுத்து மூடி, ஒருவழியாகப் பல் சரியென்று சொன்னபிறகு கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிப்போனால் மீட்டர் 21 காட்டியது. ஈரப்பத வரம்பு வழக்கமாக 17 சதவீதம். மறுபடி ரோட்டுக்கு வந்தது நெல். அன்றைக்கு மாமா திட்டியது வானத்தை அல்ல, மீட்டரை!

அதற்காக அப்பா சொல்வதையெல்லாம் காலநிலை கணக்கிலேயே எழுதிவிட முடியாது. வரப்பில் உப்புப் பூக்கிறது, போர் தண்ணீர் கரிக்கிறது என்பாரே, அதில் கடலுக்குப் பங்குண்டு, 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. ஆனால் கடைமடைக்கு ஆற்றுத் தண்ணீர் ஒழுங்காக வராதது, நிலத்தடி நீரை அளவில்லாமல் உறிஞ்சியது, வயலை ஒட்டி இறால் குட்டை வெட்டியது எல்லாம் நம் ஆட்கள் செய்தது. ஊரில் முதலில் இறால் குட்டையைத்தான் திட்டுவார்கள், நியாயம்தான். 'கடல் தண்ணி வாங்கல' என்று அப்பா சொன்னால் மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள். கடல் ஏறி நிற்கும்போது வடிகால் ஆறுகளில் வெள்ளம் போக வழியில்லாமல் பயிர் நாள்கணக்கில் மூழ்கிக் கிடப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அந்தத் தாழ்வான நிலத்தில் சில செ.மீ. கூடினாலே சங்கடம்தான்.

புயல் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று வந்த கஜாவில் தென்னை இழந்தவர்கள் இன்னும் எதையும் கஜாவுக்கு முன், கஜாவுக்குப் பின் என்றுதான் பேசுகிறார்கள். அந்த வலி நிஜம், ஆனால் ஒரு புயலை மட்டும் வைத்துக் காலநிலையே மாறிவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

கேள்வி: பெங்களூருவில் இருந்துகொண்டு ஊரில் இருக்கும் அண்ணனுக்கு என்ன உதவி செய்யலாம், பணம் தவிர?
- வாசகி, அல்சூர்

பதில்: பயிர்க் காப்பீடு. சம்பாவுக்குக் கடைசித் தேதி பொதுவாக நவம்பர் நடுவில் வரும், அக்டோபரிலேயே சிட்டா, அடங்கல், பாஸ்புக் எல்லாம் வாங்கி வைக்கச் சொல்லிப் போன் போட்டுக்கொண்டே இருங்கள், திட்டினாலும் பரவாயில்லை. அப்புறம், அறுத்து வயலில் காயப்போட்ட பயிர் பருவம் தவறிய மழையில் கெட்டுப்போனால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அண்ணன் தார்ப்பாயோடு ஓடிக்கொண்டிருப்பார், போனைச் செய்ய வேண்டியது நீங்கள்தான்.