மணி பிளான்ட் இலையில் வேர் வந்தும் துளிர் வரவில்லையே?

கேள்வி: பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய மணி பிளான்ட் இலைகளை மூன்று மாதமாகப் பாட்டில் தண்ணீரில் வைத்திருக்கிறேன். வேர் விட்டும் துளிர் வரவில்லை. வேர் ஹார்மோன் வாங்கிப் போடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா, காசுதான் வீண். உங்களிடம் இருப்பது வெறும் இலையும் காம்பும். அது வேர் விடும், மாதக்கணக்கில் பச்சையாகவும் நிற்கும், கொடியாக மட்டும் ஆகாது. துளிருக்கான மொட்டு கணுவில்தான் இருக்கிறது. காம்பு தண்டோடு சேரும் இடம்தான் கணு, பக்கத்து வீட்டுக் கொடியில் அதைத் தடவிப் பாருங்கள். மோதிரம் போல் ஒரு வரையும், பக்கத்தில் பழுப்பாக ஒரு முண்டும் தட்டுப்படும். அந்த முண்டுதான் வேராக நீளும்.

கணுவுக்கு ஒரு விரல் கீழே வெட்டித் தரச் சொல்லுங்கள். கணு தண்ணீருக்குள், இலை வெளியே இருக்கட்டும். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றினால் போதும், ஹார்மோன் இல்லாமலே வேர்விடும் செடி இது.

ஆனால் ஆன்லைனில் கட்டிங், அதாவது நடுவதற்கு வெட்டிய துண்டு, வாங்கும்போது உஷார். காதலர் தினத்துக்கு முன்னால் ஹோயா என்ற கொடியின் இதய வடிவ இலை ஒன்றைத் தொட்டியில் செருகி விற்பார்கள். பெரும்பாலும் அதில் கணு இருக்காது, எத்தனை வருடம் தண்ணீர் ஊற்றினாலும் அதே ஒற்றை இலைதான். ‘அபூர்வ ரகம்’ என்று முழு வெள்ளை இலைக் கட்டிங்கும் வரும். பச்சையம் இல்லாத இலை எதைத் தின்று வளரும்? கணு தெரிகிற போட்டோ கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். அறிவிக்கப்பட்ட ரக விதைக்கு 1966 விதைச் சட்டம் முளைப்புத்திறனுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது. இலையை விற்பவரிடம் மட்டும் கணு இருக்கிறதா என்று கேட்க நாதியில்லை. உயிருள்ள பொருள், திருப்பி எடுக்கமாட்டோம் என்று கையை விரித்துவிடுகிறார்கள்.

“ரணகள்ளி இலையைப் போட்டாலே முளைக்கிறதே” என்பீர்கள். உண்மைதான், அதன் இலை விளிம்பின் ஒவ்வொரு பள்ளத்திலும் குட்டிச்செடி எழும்பும், ஆணியில் மாட்டி வைத்தாலும் வரும். பாம்புக் கற்றாழையின் இலைத்துண்டும் மண்ணுக்கடியில் கிழங்கு விட்டுக் குருத்து தள்ளும். அதிலும் மஞ்சள் விளிம்பு ரகத்தை இலையில் வளர்த்தால் வெறும் பச்சையாகத்தான் வரும், மஞ்சள் வேண்டுமென்றால் பக்கக்கன்றைப் பிரித்து நட வேண்டும். அவற்றின் சுபாவம் வேறு, மணி பிளான்ட்டின் சுபாவம் வேறு.

வெட்டியதும் கையைக் கழுவுங்கள், சாறு பட்டால் அரிக்கும். வீட்டில் பூனையோ தவழும் குழந்தையோ இருந்தால் பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள்.