பழைய உதிரிகளில் ஒரு 540 மோட்டார்: கேட்டதும் சொன்னதும்

ஈரோடு: கோவை உக்கடத்தில் எடைக்கு வாங்கிய சாமானில் ஒரு 540 மோட்டாரின் கேன் (காந்தம் உள்ள வெளிக்கூடு), வேறொன்றின் ஆர்மேச்சர் (உள்ளே சுற்றும் கம்பிச்சுருள் பகுதி), மூன்றாவதன் பின்மூடி (கார்பன் இருக்கும் மூடி). சேர்த்தால் ஆர்சி (ரிமோட்) காருக்கு ஓடுமாங்க அண்ணா?

ஓட்டலாம்ங்க. 540 என்றால் கேன் விட்டம் சுமார் 36 மில்லிமீட்டர், தண்டு 3.17. உள்ளே நுழைந்துவிட்டால் பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை. ஆர்மேச்சரைக் கேனுக்குள் விட்டால் காந்தம் அதை ஓரிடத்தில் இழுத்து நிறுத்தும். வாஷர் போட்டு அதே இடத்தில் இருக்கச் செய்யுங்கள். வேறு இடத்துக்குத் தள்ளி வைத்தால் தண்டு ஒரு பக்கத்துப் புஷ்ஷையே (தண்டைத் தாங்கும் வளையம்) அழுத்திச் சுற்றும். காந்தம் சொல்லும் இடத்தில் கார்பன் (கரண்ட் கொடுக்கும் பிரஷ்) கம்யூட்டேட்டரை (ஆர்மேச்சர் தண்டிலுள்ள செம்புத் துண்டு வளையம்) விட்டு வெளியே நின்றால் அந்தப் பின்மூடி ஆகாது, வேறு தேடுங்கள். மயிரிழை முன்பின் ஆட்டம் இருக்கட்டும்.

திருப்பூர்: ஆர்மேச்சர் நல்லதா என்று மீட்டரில் பார்த்தால் கம்யூட்டேட்டரின் மூன்று ஜோடித் துண்டுகளிலும் 0.3 ஓம். சரிதானா?

அதில் பாதிக்கு மேல் மீட்டர் வயரின் கணக்காகவே இருக்கலாம். பெஞ்ச் சப்ளையில் (கரண்டை அளவாக வைக்கும் பவர் சப்ளை) 1 ஆம்பியர் விட்டு, கம்யூட்டேட்டர் துண்டுகளின் மேலேயே மில்லிவோல்ட் பாருங்கள். மூன்று ஜோடியும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் அந்தக் காயிலுக்குள் ஷார்ட். துண்டுக்கும் தண்டுக்கும் தொடர்பே இருக்கக் கூடாது.

கணபதி: கம்யூட்டேட்டர் குழி விழுந்திருக்கிறது. உப்புத்தாள் போடவா?

கோவை கணபதியில் இருந்துகொண்டு உப்புத்தாளா? தெருவுக்குத் தெரு லேத் இருக்கே! கையால் தேய்த்தால் வட்டம் கெடும். தண்டில் புஷ் உட்காரும் இடங்களைத் தாங்கிப் பிடித்து, கூர்மையான டூலால் லேசாகச் சீவச் சொல்லுங்கள். பம்பு வேலைக்குப் பழகிய லேத்காரர் கை கொஞ்சம் ஆழமாகவே இறங்கும், பக்கத்தில் நில்லுங்கள். அப்புறம் இடுக்கில் சேர்ந்த செம்புத் தூளைக் கூர்முனையால் எடுத்துவிடுங்கள்.

பொள்ளாச்சி: அதே ஆர்மேச்சர், அதே பேட்டரி. இரண்டு கேனில் மாற்றிப் போட்டேன், பழைய கேனில்தான் வேகம் அதிகம். அதுதானே நல்ல கேன்?

எல்லோரும் ஏமாறும் இடம் இது. காந்தம் தளர்ந்தால் சும்மா சுற்றும்போது வேகம் கூடும். ஆனால் அதே கரண்டுக்கு இழுவை குறையும். காரில் மாட்டி மேட்டில் ஏற்றினால் கரண்டை உறிஞ்சி, தொட முடியாத அளவுக்குச் சுடும். மெதுவாகச் சுற்றிய கேனைப் போடுங்கள்.

கரூர்: புதுக் கார்பன் போட்டேன், ஒரே பொறி.

முதலில் 2, 3 வோல்ட்டில், சுமை இல்லாமல், கார்பன் முகம் வளைந்து படியும் வரை ஓட்டுங்கள். பிறகும் பொறிந்தால் பின்மூடித் திருகைத் தளர்த்தி, சுற்றும் திசைக்கு எதிராகக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். அதிகம் திருப்பினால் கரண்ட் எகிறும்.