பெற்றோர் வீட்டில் ஸ்மார்ட் பல்பு போடாதீர்கள், சுவிட்சை மாற்றுங்கள்

ஊரில் பெற்றோர் வீட்டுக்கு வைஃபை, ஸ்மார்ட் விளக்கு எல்லாம் போடப் போகிறேன், அவர்கள் சிரமப்படாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நான் முதலில் வாங்கியது ஸ்மார்ட் பல்பு, ஆறு. அம்மா படுக்கப் போகும்போது பழக்கத்தில் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துவிடுவார், அப்புறம் பல்புக்குக் கரண்டே இல்லாதபோது போனில் எத்தனை முறை தட்டி என்ன? சுவிட்ச் மேல் செல்லோ டேப் ஒட்டிப் பார்த்தேன், அதையும் பிய்த்துவிட்டார். ஒரு நாள் ராத்திரி 2 மணிக்குக் கரண்ட் போய் வந்தது, ஆறும் தானாகப் பளீரென்று எரிந்தன. (பல பல்புகளில் கம்பெனி செட்டிங்கே அப்படித்தான், ஆப்பில் மாற்றலாம், எனக்கு அப்போது தெரியாது.) காலையில் அப்பா ஆறையும் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டு என் பையில் வைத்துவிட்டார்.

அதனால் பழைய பல்பே இருக்கட்டும். சுவிட்ச் போர்டுக்குள் வைக்கிற சின்ன ரிலே (போனிலிருந்து விளக்கைப் போட்டு அணைக்க உதவும் வைஃபை கருவி) கிடைக்கிறது, அதைப் போட்டால் அதே சுவிட்சும் வேலை செய்யும், போனும் வேலை செய்யும், நெட் போனாலும் விளக்கு எரியும். பெரும்பாலான ரிலேக்களுக்கு நியூட்ரல் ஒயர் (கரண்ட் திரும்பிப் போகிற ஒயர்) வேண்டும். பிளக் பாயிண்ட் உள்ள போர்டு என்றால் நியூட்ரல் இருக்கும், வெறும் சுவிட்ச் மட்டும் உள்ள பழைய போர்டில் சந்தேகம்தான், எனவே வாங்குவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

வைஃபைக்கு வருவோம். ஃபைபர் போட வருபவர் கேபிள் நுழைகிற மூலையிலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போவார், விடாதீர்கள், வீட்டின் நடுவே உயரமாக வைக்கச் சொல்லுங்கள். இரும்பு பீரோ பக்கத்தில் வேண்டவே வேண்டாம், சிக்னலை மறைக்கும். வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் வரும். இந்த ரிலே வகையறா பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் இணையும், நல்லவேளையாகச் சுவரைத் தாண்டுவதில் 5 கிகாஹெர்ட்ஸைவிட அதுதான் தேவலை. மாடிக்கு ஒரு லான் கேபிள் இழுத்து, பழைய ரவுட்டரை அக்சஸ் பாயிண்டாக (கேபிளில் வரும் நெட்டை அங்கே வைஃபையாகத் தருவது) மாற்றி வைத்தாலே போதும். கரண்ட் போனாலும் அணையாமல் இருக்க, மோடத்துக்கும் (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) ரவுட்டருக்கும் ஒரு மினி யூபிஎஸ் (சின்ன பேட்டரி) வாங்கிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. பின்னால் ரவுட்டரை மாற்ற நேர்ந்தால் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையுமே புதியதிலும் வையுங்கள், எல்லாம் தானாக ஒட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் ஒவ்வொரு சுவிட்சாக மறுபடி இணைக்க நீங்கள்தான் பஸ் ஏற வேண்டும்.