வாழ்க்கைக் கதையைப் படக்கதையாக வரைந்தாச்சு, அதை அனிமேஷன் படமாக்குவது எப்படி? கேள்வி பதில்

மன்னார்குடி: பாட்டியின் கதையைப் படக்கதையாக வரைந்திருக்கிறேன் சார். அந்தக் கட்டங்களையே ஸ்டோரிபோர்டாக, அதாவது படத்தின் காட்சி வரைவாக, வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம்மா. புத்தகத்தில் ஒரு கட்டத்தை எவ்வளவு நேரம் பார்ப்பது என்பது படிக்கிறவர் இஷ்டம். படத்தில் அதை நீங்கள்தான் நொடிக் கணக்கில் முடிவு செய்யணும். முறைத் தண்ணீருக்காகப் பாட்டி வாய்க்கால் கரையில் காத்திருப்பதை ஒரே கட்டத்தில் முடித்திருப்பீர்கள். படத்தில் மண்வெட்டியை எப்போது கை மாற்றுகிறார், தண்ணீரைக் கண்டதும் எந்த முழங்காலில் கை ஊன்றி எழுந்திருக்கிறார், எல்லாமே வேணும். திரையில் நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனிப் படம், ஓடும். ஓர் ஓவியத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினாலும் ஆறு நொடிக்கு 72 ஓவியம். ஈரானில் வளர்ந்த தன் கதையைப் படக்கதையாக வரைந்த மர்ஜான் சத்ரபி, அதையே ‘பெர்சபொலிஸ்’ (2007) என்ற அனிமேஷன் படமாக எடுத்தபோது பாத்திரங்களின் அசைவைத் தானே நடித்துக் காட்டினார். நீங்களும் பாட்டி மாதிரி உட்கார்ந்து எழுந்து பாருங்கள்.

படத்துக்கு வரைய ஆரம்பிக்கும் முன் குடும்பத்தாரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

திருவாரூர்: எந்த சாஃப்ட்வேர்?

கிருத்தா, ஓப்பன்டூன்ஸ், பிளெண்டர். மூன்றும் இலவசம்.

பாபநாசம்: கறுப்பு வெள்ளையிலேயே எடுக்கலாமா?

தாராளமாக. ‘பெர்சபொலிஸ்’ படத்தில் விமான நிலையத்து நிகழ்காலம் மட்டும் வண்ணம், பழைய நினைவுகள் கறுப்பு வெள்ளை.

மயிலாடுதுறை: அது தெஹ்ரான் சார். பச்சை இல்லாமல் டெல்டாவா? குறுவையா சம்பாவா என்றுகூடத் தெரியாது.

தெரியும் ஐயா. ஐப்பசியில் குறுவை அறுக்கிறவர் வானத்தைப் பார்த்துப் பார்த்து அவசரமாக அறுப்பார். சம்பாவின் தை அறுப்பில் காலைப் பனி, தலையில் முண்டாசு. பருவத்தை உடம்பு காட்டிவிடும்.

மயிலாடுதுறை: நாற்றங்கால் பச்சையும், கதிர் வெளிவரும் முன் இருக்கிற பொதிப்பயிர்ப் பச்சையும் வேற வேற. அதை எந்த உடம்பு காட்டும்?

அந்த வித்தியாசத்தில்தான் கதை திரும்புகிறது என்றால் நீங்கள் சொல்வது சரி. கடைமடைக்குத் தண்ணீர் வராமல் பயிர் மஞ்சளாகிற கதைக்கு வண்ணம் வேண்டும். வெறும் அழகுக்காகப் பச்சை அடித்தால் காலண்டர் படம் மாதிரி ஆகிவிடும். மனிதர் முகம் பின்னால் போய்விடும்.

பாபநாசம்: அப்போ பயிருக்கு மட்டும் வண்ணம், ஆட்கள் கறுப்பு வெள்ளை?

செய்யலாம். முதலில் ஒரு காட்சியை இரண்டு விதமாகவும் எடுத்துப் பாருங்கள். மயிலாடுதுறைக்காரரிடமே காட்டுங்கள்.

நாகப்பட்டினம்: எந்த சாஃப்ட்வேர் நல்லது?

மேலே சொல்லியாச்சு.

பட்டுக்கோட்டை: புத்தகம் ஏற்கெனவே வெளிவந்துவிட்டது. படம் எடுக்கத் தடை ஏதும் வருமா?

பதிப்பக ஒப்பந்தத்தில் திரைப்பட உரிமை யாரிடம் இருக்கிறது என்று வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள். குடும்பத்தார் சம்மதம் தனி. அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

திருவையாறு: குரல் முன்னாலா, படம் முன்னாலா?

குரல்தான் முன்னால். வாயசைவை அதற்குத்தான் வரைகிறோம். தஞ்சாவூர்ப் பேச்சு பேசத் தெரிந்தவரையே பேச வையுங்கள்.