'செக்' எங்கிருந்து வந்தது? கேள்வி பதில்

கேள்வி: பேங்கில் கொடுக்கும் செக், செஸ்ஸில் வைக்கும் செக், "கேஸ் மூடியிருக்கா, செக் பண்ணு" என்கிற செக், கட்டம் போட்ட செக் சட்டை. நாலும் ஒரே சொல்லா, ஓசை மட்டும்தான் ஒன்றா?

நாலும் ஒரே சொல்தான். வேர் பாரசீகத்து 'ஷா', அதாவது அரசன். எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது 'ஷா' என்று சொல்லி எச்சரிப்பார்கள். ஆட்டம் அரபியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போனபோது சொல்லும் கூடவே போனது. இடைக்கால லத்தீனில் 'ஸ்காக்கஸ்', பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்', 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'செக்'. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மைதான் 'செஸ்'.

பொருள் மாறிய வரிசையைக் கவனியுங்கள். செக் விழுந்ததும் மற்ற திட்டமெல்லாம் நின்றுவிடும், முதலில் ராஜாவைக் காப்பாற்ற வேண்டும். அதனால் 'தடு, கட்டுப்படுத்து' என்ற பொருள் வந்தது. ஒரு கணக்கை இன்னொரு ஏட்டோடு ஒப்பிடுவதும் தவறைத் தடுக்கிற வேலைதானே? அதிலிருந்து 'சரிபார்' பிறந்தது. நாம் நாள் முழுக்கச் சொல்லும் இந்தப் பொருள் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தெளிவாகத் தெரிகிறது. பழைய பொருளும் சாகவில்லை. 'கூட்டணிக் கட்சிக்கு செக் வைத்த தலைவர்' என்று நம் செய்தித் தலைப்புகள் எழுதுவது அந்தத் தடுப்பைத்தான்.

கேள்வி: சதுரங்கம் நம் நாட்டு ஆட்டம். அப்படியானால் செக் சமஸ்கிருதத்திலிருந்து போனதா?

இல்லை. இந்தியாவிலிருந்து போனது ஆட்டத்தின் பெயர். சதுரங்கம் பாரசீகத்தில் 'சத்ரங்', அரபியில் 'ஷத்ரஞ்ச்', ஸ்பானியத்தில் 'அஹெத்ரேஸ்' என்று ஆனது. ஆங்கிலமும் பிரெஞ்சும் அந்தப் பெயரை விட்டுவிட்டு ராஜாவின் பெயரை எடுத்துக்கொண்டன. 'ஷா'வுக்கும் நம்மிடம் புழங்கும் 'க்ஷத்திரிய'னுக்கும் தூரத்து உறவு உண்டு, இரண்டும் 'ஆள்வது' என்ற பழைய வேரில் கிளைத்தவை. ஆனால் உறவு வேறு, கடன் வாங்குவது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கேள்வி: செக்மேட் என்றால் 'ராஜா செத்தார்' என்று படித்தேன். சரியா?

அரபியில் 'மாத்த' என்றால் இறந்தான். அதை வைத்துச் சொல்லும் விளக்கம் இது. பாரசீகத்தில் 'மாத்' என்றால் வழியற்றுத் திகைத்து நிற்பவன். ஆட்ட விதிப்படி ராஜாவை யாரும் வெட்டுவதில்லை, போக்கிடம் இல்லாமல் நிறுத்துவதோடு ஆட்டம் முடிகிறது. என் ஓட்டு பாரசீகத்துக்கே.

கேள்வி: பேங்க் செக்குக்கு மட்டும் ஏன் க்யூ போட்ட ஸ்பெல்லிங்? இங்கிலாந்து நிதியமைச்சர் பதவியில் வரும் 'எக்ஸ்செக்கர்' இதற்குச் சொந்தமா?

சொந்தம்தான், ஆனால் பலர் நினைக்கிற மாதிரி தாய்ப்பிள்ளை உறவு இல்லை.

'எக்ஸ்செக்கர்' முதலில் செஸ் பலகை. 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசர் கணக்கு பார்த்த மேசைக்கு அந்தப் பெயர் வந்தது. இரண்டாம் ஹென்றியின் கருவூலத் தலைவர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் அதை விவரித்திருக்கிறார். ஏறக்குறைய 10 அடி நீளம், 5 அடி அகலம். காசு உருண்டு விழாமலிருக்க நாலு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. வலமிருந்து இடமாகப் பென்னி, ஷில்லிங், பவுண்டு, இருபது பவுண்டு, நூறு பவுண்டு என்று பத்திகள் ஏறிக்கொண்டே போகும்.

ஒரு மாவட்ட அதிகாரி 153 பவுண்டு கட்ட வேண்டும் என்று வையுங்கள். அதைப் பத்திகளில் வில்லைகளாக அடுக்குவார்கள்: நூறு பவுண்டு பத்தியில் 1 வில்லை, இருபதில் 2, பவுண்டில் 13. அவர் கட்டியது 120 என்றால் அதற்குக் கீழ் வரிசையில் நூறில் 1, இருபதில் 1. மேலும் கீழும் ஜோடி சேர்த்து எடுத்தால் மிஞ்சுவது இருபதில் 1, பவுண்டில் 13. பாக்கி 33. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கண்ணால் பார்த்தே ஒப்புக்கொள்ளலாம். ரோமன் எண்களை எழுதிக் கழிக்கும் அவதி இல்லை. இந்த மேசை எனக்கு அவ்வளவு பிடிக்கும்!

பேங்க் செக்கின் கதை தனி. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'செக்' என்றது பண ஆணையின் அடிக்கட்டையை, அதாவது தாளைக் கொடுத்த பிறகு ஒப்பிடுவதற்காக வைத்துக்கொள்ளும் துண்டை. தாளையும் கட்டையையும் ஒப்பிட்டு மோசடியைத் தடுத்தார்கள், ஆகவே அது 'தடுப்பு'. பிறகு பெயர் கட்டையிலிருந்து தாளுக்கு மாறியது. க்யூ எழுத்து 19ஆம் நூற்றாண்டில் எக்ஸ்செக்கரைப் பார்த்து ஒட்டிக்கொண்டது. அமெரிக்கர்கள் பழைய சி-கே எழுத்தையே வைத்துக்கொண்டார்கள். நம் 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் க்யூதான். ஆகவே இங்கே பேங்குக்கு எழுதும் கடிதத்தில் காசோலைக்கு க்யூ, சரிபார்ப்பதற்கு சி-கே. கணினியின் எழுத்துத் திருத்தி அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

கேள்வி: சட்டை?

செஸ் பலகையின் கட்டம்தான். மெட்ராஸ் செக் துணியில் வருவதும் அதே சொல்.

கேள்வி: அமெரிக்க ஹோட்டலில் சாப்பிட்டு முடித்ததும் 'செக்' என்கிறார்களே, காசோலையா கேட்கிறார்கள்?

பில். சரிபார்க்கிற சீட்டு என்ற பொருளில் வந்தது. விடைத்தாளில் நாம் போடும் டிக் குறிக்கும் அங்கே செக் என்றுதான் பெயர்.

கேள்வி: செக் குடியரசு, செக்கு எண்ணெய்?

இரண்டுக்கும் இதோடு ஒட்டுறவே இல்லை. செக் குடியரசின் பெயர் அந்த மக்களின் இனப்பெயர். செக்கு நம் சொல். ஆங்கிலேயர் இங்கே வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கல்வெட்டுகளில் எண்ணெய்ச் செக்குக்கான வரியை 'செக்கிறை' என்று பொறித்திருக்கிறார்கள்.