ஸ்லைடரைத் தொடுவதற்கு முன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் பொழுதுபோக்காகப் புகைப்படம் எடுப்பவன். வெளியே போய் எடுக்கும்போது இருக்கும் உற்சாகம் கணினி முன்னால் உட்கார்ந்ததும் வடிந்துவிடுகிறது. ராவில், அதாவது சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக, எடுத்தால்தான் நல்லது என்றார்கள், எடுக்கிறேன். லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் ஏற்றியதும் படம் ஒரு கணம் பளிச்சென்று தெரிகிறது, அடுத்த கணம் கண்முன்னாலேயே மங்கிவிடுகிறது. அதை மீட்க ஒவ்வொரு ஸ்லைடராக இழுத்துப் பார்க்கிறேன். இரவில் பிரமாதமாகத் தெரிந்த படம் காலையில் கண்ணைக் குத்துகிறது. ஒரு நாள் போய்வந்தால் நானூறு படங்கள் சேர்கின்றன. இருபதைத் திருத்துவதற்குள் அலுத்துப்போகிறது. இணையப் பாடங்களில் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். எடிட்டிங்கை ரசித்துச் செய்ய வழி உண்டா? இல்லை, பேசாமல் கேமராவே தயாரித்துத் தரும் ஜேபெக்கிலேயே எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

ஜேபெக்கில் மட்டும் எடுப்பது குறைவான காரியம் இல்லை. ஆனால் ஜேபெக்கிலும் எடிட்டிங் நடக்கத்தான் செய்கிறது. செய்பவர் கேமரா நிறுவனத்தின் பொறியாளர், அவ்வளவுதான். அவருடைய ரசனை உங்களுக்கு ஒத்துவந்தால் அதிலேயே இருந்துவிடலாம். இரவில் உட்கார்ந்து இழுத்து இழுத்துப் பார்க்கிற ஆள் அப்படி இருந்துவிடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. படத்தில் எது சரியில்லை என்று முடிவு செய்வதற்கு முன்பே கை மவுஸுக்குப் போய்விடுகிறது. அலுப்பு அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் அந்த மங்கலைப் பார்த்துவிடுவோம். ரா கோப்புக்குள்ளேயே கேமரா ஒரு ஜேபெக் படத்தையும் வைத்துவிடுகிறது. கேமராத் திரையில் நீங்கள் பார்ப்பது அதுதான். லைட்ரூம் முதல் கணத்தில் காட்டுவதும் அதையே. அதன்பின் மென்பொருள் சென்சார் பதிவு செய்த எண்களைத் தானே படித்து, தன் கணக்குப்படி படத்தை உருவாக்குகிறது. கேமரா சேர்த்திருந்த கான்ட்ராஸ்ட்டும் நிறமும் கூர்மையும் அந்தக் கணக்கில் கிடையாது. ஆக, எதுவும் தொலைந்துபோகவில்லை. டெவலப் பகுதியில் பேசிக் பேனலின் மேலேயே புரொஃபைல் இருக்கிறது. அங்கே 'அடோபி கலர்' என்றிருப்பதைக் 'கேமரா ஸ்டாண்டர்ட்' என்று மாற்றினால், பெரும்பாலான கேமராக்களின் படங்கள் நீங்கள் திரையில் பார்த்ததற்கு மிக அருகில் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் மாற்ற அலுப்பாக இருந்தால், பிரெஃபரன்சஸில் ப்ரீசெட்ஸ் தாவலுக்குப் போய் 'ரா டிஃபால்ட்ஸ்' என்பதைக் 'கேமரா செட்டிங்ஸ்' என்று வைத்துவிடுங்கள். அப்போதும் படம் இருட்டாக வந்தால், கேமராவில் நிழல்களைத் தானாகத் தூக்கிக் காட்டும் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். நிக்கானில் அதன் பெயர் ஆக்டிவ் டி-லைட்டிங். வானம் வெளுத்துப்போகாமல் இருக்க அது எக்ஸ்போஷரையே கொஞ்சம் குறைத்து எடுக்கும், பிறகு ஜேபெக்கில் மட்டும் நிழலைத் தூக்கி ஈடுகட்டும். வேறு நிறுவனத்தின் மென்பொருளுக்கு இந்த இரண்டாவது பாதி தெரியாது. ராவில் எடுப்பவர்கள் அதை அணைத்துவைப்பது நல்லது.

எடிட்டிங்கில் எவ்வளவு இழுக்கலாம் என்பதைப் படம் எடுத்த கணமே முடிவு செய்துவிடுகிறது. 14 பிட் ராவில் ஒரு பிக்சலுக்கு 16,384 வெளிச்சப் படிகள். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 மட்டுமே. ஜேபெக் வானத்தைக் கொஞ்சம் இழுத்தாலும் பட்டை பட்டையாகப் பிரிவது இதனால்தான். ஆனால் ராவின் படிகளும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. ஒளி பாதியாகக் குறையும் ஒவ்வொரு கட்டத்தையும் ஸ்டாப் என்பார்கள். மிக வெளிச்சமான ஒரு ஸ்டாப்புக்கே பாதி, அதாவது 8,192 போய்விடும். அடுத்ததற்கு 4,096. இப்படிக் குறைந்து ஆறாவது ஸ்டாப்புக்கு 256தான் மிஞ்சும். நிழலைத் தூக்கும்போது நாய்ஸ், அதாவது மணல்போன்ற புள்ளிகள், எழுவதற்குப் படிக் குறைவைவிட, அங்கே விழுந்த ஒளியே குறைவு என்பது பெரிய காரணம். மறுபக்கம், சென்சார் நிரம்பி வழிந்த இடத்தில் எதுவுமே பதிவாகியிருக்காது. ஹைலைட்ஸை மைனஸ் 100 வரை இழுத்தாலும் அங்கே சாம்பல் பூசியதுபோல்தான் வரும். முக்கியமான வெளிச்சம் வெளுக்காத அளவுக்கு எக்ஸ்போஷரை வைத்து எடுத்தாலே வீட்டில் பாதி வேலை குறையும். கேமராவில் வெளிச்சப் பங்கீட்டைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் ஜேபெக்கை வைத்துக் கணக்கிடப்படுவது. அதனால் அது வெளுத்துவிட்டது என்று எச்சரிக்கும் இடத்தில் ராவில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

நானூறு படங்களுக்கு வருவோம். முதல் படத்திலிருந்து வரிசையாகத் திருத்திக்கொண்டு போனால் யாருக்கும் அலுக்கும். எடிட்டிங்குக்கு முன்னால் தேர்வு என்று தனியாக ஒரு வேலை இருக்கிறது. இரண்டையும் ஒரே இரவில் செய்யாதீர்கள். கேப்ஸ் லாக்கைப் போட்டுவைத்துக்கொண்டு, வேண்டுமென்றால் பி, வேண்டாமென்றால் எக்ஸ் என்று தட்டிக்கொண்டே போனால் லைட்ரூம் தானாக அடுத்த படத்துக்குத் தாவும். ஒரு படத்துக்கு இரண்டு நொடி போதும், பெரிதாக்கியெல்லாம் பார்க்க வேண்டாம். இரண்டாவது சுற்றில், ஒரே காட்சியின் நான்கைந்து படங்களைத் தேர்ந்தெடுத்து 'N' விசையைத் தட்டிப் பக்கம்பக்கமாக வைத்துப் பாருங்கள். மிஞ்சியதை மட்டும் நூறு சதவீதத்தில் பெரிதாக்கி ஃபோகஸ் சரியா என்று பாருங்கள். நானூறில் பத்து தேறினால் நல்ல நாள். மீதி வட்டில் கிடக்கட்டும்.

இனி அந்தப் பத்தில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்லைடரைத் தொடுவதற்கு முன் இந்தப் படத்தில் என்ன இடைஞ்சல் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். ஜன்னலோரம் ஒரு முதியவர் உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். முகத்தில் ஒரு பாதி இருட்டு, பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவர் பளீரென்று இருக்கிறது. இதைப் பார்ப்பவர் பெரும்பாலும் 'முகம் இருட்டு' என்று சொல்லி இருண்ட பகுதிகளை வெளிச்சமாக்கும் ஷேடோஸை 80க்குத் தூக்குவார். உடனே தலைமுடி, சட்டை மடிப்பு, நாற்காலிக்கு அடியில் இருந்த இருட்டு எல்லாம் சேர்ந்து எழுந்துவரும். ஜன்னல் வெளிச்சம் கொடுத்த கனம் போய்ப் படம் தட்டையாகும். தட்டையாகிவிட்டதே என்று கிளாரிட்டியை ஏற்றினால் முகத்தைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் வரும், சுருக்கங்கள் எல்லாம் கீறலாகத் தெரியும். அதை மறைக்க சாச்சுரேஷன். நீங்கள் எழுதியிருந்த 'ஒவ்வொரு ஸ்லைடராக' என்பது இந்தப் பாதைதான் என்று நினைக்கிறேன்.

அதே படத்தில் 'சுவர் என் கண்ணை இழுக்கிறது' என்று சொல்லியிருந்தால் வேலை வேறு மாதிரி போகும். திருத்தத்தைப் படத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் கட்டுப்படுத்துவது மாஸ்க். ஒரு லீனியர் கிரேடியன்ட் மாஸ்க்கைச் சுவர்ப் பக்கத்திலிருந்து உள்ளே இழுத்து, எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் இறக்குங்கள். மாஸ்க் தலையையும் தொடுகிறது என்றால் சப்ட்ராக்டில் 'செலக்ட் சப்ஜெக்ட்' கொடுத்து ஆளைக் கழித்துவிடலாம். சுவர் அடங்கியதுமே முகம் முன்னால் வந்துவிடும். ஷேடோஸுக்குத் தேவையே இருக்காது. இன்னும் போதவில்லை என்றால் முகத்தின் மீது ஒரு ரேடியல் மாஸ்க், ஃபெதர் (ஓரத்தின் மென்மை) 80க்கு மேல், எக்ஸ்போஷர் பிளஸ் 0.3. இரண்டு மாஸ்க்கில் படம் முடிந்தது. சொன்ன எண்கள் ஓர் அளவுக்குத்தான். உங்கள் படத்தில் அவை மாறும், ஆனால் ஒரு ஸ்டாப்பைத் தாண்ட வேண்டியிருந்தால் கேள்வியே தவறோ என்று சந்தேகப்படுங்கள்.

ஒளியின் நிறச்சாயலைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸில் ஐட்ராப்பரைப் படத்தில் சாம்பலாகவோ மங்கிய வெள்ளையாகவோ இருக்கும் இடத்தில் வையுங்கள். வெளுத்துப்போன இடத்தில் வைத்தால் அது எதையும் சொல்லாது. விளக்கொளியில் எடுத்த படத்தைச் சுத்த வெள்ளையாக்குவது ஒரு பொதுவான தவறு. குண்டு பல்பின் ஒளி சுமார் 2,800 கெல்வின். அதை முழுவதும் நடுநிலையாக்கினால் அந்த அறையில் இருந்த மஞ்சள் வெதுவெதுப்பு போய் அலுவலகம்போல் ஆகிவிடும். பாதி வழியில் நிறுத்துங்கள்.

இரவு நன்றாக இருந்தது காலையில் குத்துவதற்குக் கண் ஒரு காரணம். ஒரே படத்தை அரைமணி நேரம் பார்த்தால் அதன் நிறம் கண்ணுக்குப் பழகிவிடும். பழகியதும் இன்னும் கொஞ்சம் கேட்கும். அடிக்கடி பேக்ஸ்லாஷ் விசையைத் தட்டி முன்பிருந்த நிலையைப் பாருங்கள். சாச்சுரேஷனை வேண்டுமென்றே அதிகமாக ஏற்றி, பிறகு மெதுவாக இறக்கி, 'போதும்' என்று தோன்றும் இடத்துக்கும் கொஞ்சம் கீழே நிறுத்துங்கள். முகங்கள் இருக்கும் படத்தில் வைப்ரன்ஸ் மேல், ஏற்கெனவே அடர்த்தியான நிறங்களையும் தோலின் நிறத்தையும் அது அதிகம் தொடாது. ஆனால் உங்கள் விஷயத்தில் திரைமீதும் சந்தேகம் இருக்கிறது. சூரியன் மறைந்ததும் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் வசதி இயங்குகிறதா? இயங்கினால், அந்த மஞ்சளைச் சரிக்கட்ட நீங்கள் படத்தில் நீலத்தை ஏற்றிக்கொண்டிருப்பீர்கள். காலையில் அது அணைந்ததும் நீலம் மட்டும் மிஞ்சும். எடிட் செய்யும்போது அதை அணையுங்கள். திரையின் வெளிச்சத்தை உச்சத்தில் வைக்காதீர்கள். இன்னொன்று, லைட்ரூமில் படத்தைச் சுற்றியிருக்கும் அடர்சாம்பல் நிறமே படத்தை வெளிச்சமாகக் காட்டும். அந்தப் பகுதியில் வலது கிளிக் செய்து பின்னணியை வெள்ளையாக்கிப் பாருங்கள். பிரின்ட் ஏன் இருட்டாக வந்தது என்று பலர் கேட்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது.

பாடங்கள் ஆளுக்கொன்று சொல்வது இயல்பு. ஒரே முடிவுக்கு இந்த மென்பொருள்களில் ஐந்தாறு வழிகள் உண்டு. எல்லாவற்றையும் கற்பதைவிட ஒரு கருவியை முழுதாகப் பழகுங்கள். என் தேர்வு டோன் கர்வ், அதாவது இருட்டிலிருந்து வெளிச்சம்வரை உள்ள அளவுகளை வளைத்து மாற்றும் கோடு. ஒரு படத்தைக் கறுப்புவெள்ளையாக்கி, மற்ற ஸ்லைடர்களை எல்லாம் பூஜ்யத்தில் விட்டுவிட்டு, கர்வை மட்டும் தொடுங்கள். கீழே கால் பங்கில் ஒரு புள்ளியைக் கொஞ்சம் இறக்கி, மேலே முக்கால் பங்கில் ஒன்றை ஏற்றினால் கான்ட்ராஸ்ட் கூடும். இடது ஓரத்துப் புள்ளியை நேராக மேலே தூக்கினால் கறுப்பு சாம்பலாகிப் பழைய ஃபிலிம் பிரின்ட்போல் வரும். ப்ரீசெட் விற்பவர்களின் ரகசியத்தில் பெரும்பகுதி இந்த ஒரு புள்ளிதான். அடுத்து வர்ச்சுவல் காப்பி. ஒரே படத்துக்கு மூன்று காப்பி எடுத்து, ஒன்றை மெல்லிய வெளிச்சமாக, ஒன்றை இருண்டதாக, ஒன்றைக் கறுப்புவெள்ளையாகச் செய்யுங்கள். வட்டில் இருப்பது அதே ஒரு ரா கோப்புதான், மாறுவது குறிப்புகள் மட்டுமே, அதனால் எதையும் கெடுத்துவிடுவோம் என்ற பயம் வேண்டாம். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எதை ஏன் பிடிக்கிறது என்று தெரியவரும். எடிட்டிங்கில் சுவாரசியம் என்று நான் நினைப்பது அந்த இடத்தைத்தான். கறுப்புவெள்ளையில் நீலத்தை இறக்கி வானத்தை இருட்டாக்கும்போது மட்டும் மைனஸ் 50க்குக் கீழே போகிறீர்கள் என்றால், நூறு சதவீதத்தில் மர உச்சிகளைப் பாருங்கள். வெள்ளைக் கோடும் நாய்ஸும் அங்கேதான் முதலில் கிளம்பும்.

லைட்ரூமுக்குச் சந்தா கட்ட விருப்பமில்லை என்றால் டார்க்டேபிளும் ரா தெரப்பியும் இலவசம், திறமையில் குறைந்தவை இல்லை. டார்க்டேபிள் தொடக்கத்தில் முரண்டு பிடிக்கும். எதை எடுத்தாலும் ஓராண்டுக்கு மாற்றாதீர்கள். லைட்ரூமிலேயே இருந்தால், படங்களின் ஃபோல்டரை வெளியிலிருந்து நகர்த்தாதீர்கள். லைட்ரூமின் பட்டியலான கேட்டலாகில் படம் இருக்காது, இருக்குமிடம்தான் எழுதியிருக்கும். நகர்த்துவதை லைட்ரூமுக்குள்ளேயே செய்யுங்கள். இணையத்தில் போடுவதற்கு எஸ்ஆர்ஜிபி நிறவெளி, நீளப் பக்கம் 2,048 பிக்சல், குவாலிட்டி 80 போதும். அடோபி ஆர்ஜிபியில் அனுப்பினால் பல இடங்களில் நிறம் வெளிறித் தெரியும்.

அடுத்த கடிதத்தோடு ஒரு படத்தையும் அனுப்புங்கள். ஜேபெக் மட்டும் வந்தால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. எக்ஸ்போர்ட்டில் ஃபார்மட்டை 'ஒரிஜினல்' என்று வைத்தால் ரா கோப்போடு எக்ஸ்எம்பி என்ற சிறு கோப்பும் வரும், உங்கள் ஸ்லைடர் எண்கள் எல்லாம் அதில் இருக்கும். இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். கூடவே, அந்தப் படத்தில் உங்களுக்கு இடைஞ்சலாகத் தெரிந்தது எது என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள்.