தீபாவளிக்குப் போனவர்கள் ஏன் திரும்பவில்லை? வேலை நெருக்கடி பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். ஆள் நிற்பதில்லை என்று முதலாளிகளும், நிற்க முடியவில்லை என்று வேலை செய்பவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறேனுங்க, அறுபது டெய்லர். சம்பளம் கூட்டியும் தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர்களில் பதினைந்து பேர் திரும்பவில்லை. ஷிப்மென்ட் நேரத்தில் ஆல்டரும், அதாவது தப்பாகி மறுபடி தைக்க வரும் பீஸும், ஏறிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: இரண்டு பிரச்சினை என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறதுங்க. தொடர்ந்து நாலு நாள் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு, வீடு போய்ச் சமைத்துச் சாப்பிட்டுப் படுக்கப் பதினொன்று ஆகிறவருக்கு ஐந்தாம் நாள் கை ஓடும், கவனம் ஓடாது. லேபிள் மாறும், தையல் விட்டுப்போகும், செக்கிங்கில் பீஸ் திரும்பி வரும், சூப்பர்வைசர் தையல் லைனே கேட்கும்படி சத்தம் போடுவார், அந்த மனிதர் அன்றைக்கே மனதுக்குள் கணக்கை முடித்துவிடுவார். அப்புறம் போனஸுக்காக மட்டும்தான் இருப்பார்.

அமெரிக்காவில் ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979இல் சொன்னது உங்கள் லைனுக்கு அப்படியே பொருந்தும். வேலையின் நெருக்கடி அதிகமாக இருந்து, அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவாக இருந்தால், அந்த இடத்தில்தான் மனுஷர் அதிகம் நொறுங்குகிறார். கட்டிங் தாமதம், துணி சாயப்பட்டறையிலிருந்து வர ஒரு நாள் தாமதம், எல்லாம் சேர்ந்து கடைசியில் தையலில் வந்து விழுகிறது. டெய்லர் கையில் அதில் எதுவுமே இல்லை, திட்டு மட்டும் அவருக்கு.

நான் ஒரு மில்லில் பணியாளர் பிரிவில் இருந்தபோது, வேலையை விடுகிறவர் எல்லோரும் காரணம் என்ற இடத்தில் ‘குடும்பச் சூழ்நிலை’ என்றே எழுதுவார்கள், நானும் அதை நம்பிக் கோப்பில் போட்டேன். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்து பேசிய பிறகுதான் உண்மை தெரிந்தது, பலரும் ஒரே மேஸ்திரியின் பேச்சைச் சொன்னார்கள். அதை முன்பே கேட்காமல் விட்டது எனக்கு இன்றும் வருத்தம்.

ஒரு நோட்டுப் போடுங்கள். லைன் வாரியாக, மணி வாரியாக எத்தனை ஆல்டர், அதற்கு முந்தைய மூன்று நாளில் எத்தனை ஒன்றரை ஷிப்ட் என்று ஒரு மாதம் எழுதினாலே எங்கே இழுக்கிறது என்று தெரிந்துவிடும். ஒன்றரை ஷிப்ட் இருந்தால் முந்தின நாளே சொல்லுங்கள், சாயங்காலம் ஐந்து மணிக்குச் சொன்னால் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைக் கூட்டி வர வேண்டிய அம்மா என்ன செய்வார்? கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் சட்டப்படி உள்ளது, அதைச் சலுகை மாதிரிக் கொடுக்க வேண்டாம். சூப்பர்வைசருக்குத் தனியாகக் கூப்பிட்டுப் பேசப் பழக்குங்கள். பழைய டெய்லர் போன இடத்தில் புதியவர் வேகம் பிடிக்கும் வரை அந்தச் சுமை இருப்பவர்கள் தலையில்தான் ஏறும், அடுத்து அவர்கள் கிளம்புவார்கள்.

கேள்வி: கோவையில் பம்ப் கம்பெனியில் ஃபோர்மேன் நான். கொஞ்சம் நெருக்கினால்தானே வேலை நடக்கும்?

பதில்: கொஞ்சம் என்றால் சரி. 1908லேயே யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர், தூண்டுதல் ஓரளவு வரைதான் உதவும், கடினமான வேலையில் அந்த அளவு சீக்கிரமே தாண்டிவிடும் என்று சுண்டெலிகளை வைத்துக் காட்டினார்கள். பெட்டி அடுக்குவதற்குத் தாங்கும் அவசரம், லேத்தில் நுணுக்கமாகக் கடைகிறவருக்குத் தாங்காது. வாரம் 55 மணியோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் சொன்னதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: சரவணம்பட்டியில் ஐடி வேலை. ராத்திரி பத்து மணிக்கும் மேனேஜர் மெசேஜ் வருகிறது. எதிலும் பிடிப்பு இல்லை, சின்ன விஷயம்கூட மறக்கிறது. இது பர்ன்அவுட்டா?

பதில்: இருக்கலாம். தீராத களைப்பு, வேலைமேல் வெறுப்பு, நம்மால் ஆகாது என்ற எண்ணம் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் உலக சுகாதார நிறுவனம் பர்ன்அவுட்டை விளக்குகிறது. அதை ஒரு நோயாக வகைப்படுத்தவில்லை, வேலையிடத்திலிருந்து வருவது என்றே சொல்கிறது. ஆனால் தைராய்டு, ரத்தசோகை இருந்தாலும் களைப்பும் மறதியும் வரும், மருத்துவரிடம் முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் கையில் உள்ள வேலைகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போய், இதில் எந்த இரண்டு முதலில் வேண்டும் என்று மேனேஜரிடமே கேளுங்கள். ‘வேலை அதிகம்’ என்று மொத்தமாகச் சொல்வதைவிட இதற்குப் பதில் கிடைக்கும்.

கேள்வி: ஈரோட்டில் ஜவுளிக்கடையில் சேல்ஸ். நாள் முழுக்க நின்றே கால் வீங்குகிறது, உட்கார்ந்தால் திட்டுகிறார்கள்.

பதில்: தங்கச்சி, தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். நாலைந்து பேர் சேர்ந்து கேளுங்கள், மறுத்தால் தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் மனுக் கொடுக்கலாம்.

கேள்வி: நாமக்கல்லுங்க. வீட்டுக்காரர் ஃபைனான்ஸ் கம்பெனியில் வசூல் வேலை. டார்கெட் டார்கெட் என்று தூங்குவதே இல்லை, ‘இருந்து என்ன ஆகப்போகுது’ என்கிறார். பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, நீங்கள் பயப்படுவது சரிதான், இதைத் தள்ளிப்போடாதீர்கள். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று அவரிடம் நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசுவார்கள், நீங்களும் கூப்பிடலாம். சாகத் தோன்றுகிறது என்று அவர் சொன்னால் தனியாக விடாதீர்கள், வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்திவிட்டு, கூடப்பிறந்தவர் யாரையாவது துணைக்கு வைத்துக்கொண்டு இன்றைக்கே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். லீவு கிடைக்குமா, வேலை போகுமா என்பதையெல்லாம் அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம், அப்போது எனக்கு எழுதுங்கள்.